பதினெட்டாயிரம் கிலோமீட்டர் என்று நான் அளந்த வானம்

தில்லிக்கும் சிகாகோவுக்கும் இடையேயான வானவழித் தூரம் பதினெட்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் என்று நான் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். ஆரம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், காலை வண்டிக்காகக் காத்திருந்த ஏழெட்டுப் பேர் முன்னிலையில் சொன்னேன். நான் கணிதத்தில் பட்டம் பெற்று, நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் அளவில் குறை கண்டு எந்த வயல்காரரும் மறு அளவைக்கு மனுப் போட்டதில்லை. ஆகவே ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

அளந்த முறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரிய உலகப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் தில்லியிலிருந்து மேற்கே அரபு நாடுகள், ஆப்பிரிக்காவின் வடகரை, அட்லாண்டிக் கடல் என எல்லாவற்றையும் கடந்து சிகாகோ வரை எஃகு அளவுகோலை வைத்தேன். படத்தின் அடியில் அச்சிட்டிருந்த விகிதத்தால் பெருக்கினேன். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் பறக்கும் என்று கொண்டு வகுத்தேன். இருபது மணி இருபது நிமிடம் வந்தது. மூன்று முறை சரிபார்த்தேன்.

“இன்னா நைனா, இருபது மணி நேரம் ஒக்காந்துக்கினே போவணுமா?” என்றார் சேஷையா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் வயதினர். “நம்ம வண்டி மீஞ்சூர்ல அரை மணி நேரம் நின்னாலே முதுகு பேஜாராவுது.”

“இருபது மணி இருபது நிமிடம்” என்று திருத்தினேன்.

சிகாகோவில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் என் மகள் உமாவைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். அவள் தொலைபேசியில் வேறொரு கணக்குச் சொன்னாள். “அப்பா, மத்தியானம் பன்னண்டுக்குப் பொறப்பட்டா அன்னைக்கே சாயந்தரம் அஞ்சு மணிக்கு இங்க எறங்கிடுவீங்க. பதினஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆகும்.” அவள் இரண்டு நாட்டுக் கடிகாரங்களைக் கலந்து குழம்பிவிட்டாள் என்று விளக்கினேன். அவள் பெருமூச்சு விட்டுப் பேச்சை மாற்றினாள். நான் வென்றதாக எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கணக்கு வெறும் பேச்சோடு நின்றிருந்தால் இதை எழுதும் தேவையே வந்திருக்காது. என் மனைவி தனலட்சுமிக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் அரை மணி நேரம் முன்னதாக இன்சுலின் ஊசி. ஊசி போடுவது என் பொறுப்பு. ஒரு நாளும் தவறியதில்லை. பயணத்துக்கென ஒரு கால அட்டவணை தயாரித்தேன். இருபது மணி நேரத்தில் மூன்று முறை உணவு தருவார்கள், இடைவெளி சமமாக இருக்கும் என்று கொண்டால், இரண்டாவது உணவு ஒன்பதாவது மணியில் வரும். நம் ஊர் நேரப்படி இரவு ஒன்பது. எனவே ஊசி எட்டரைக்கு. வீட்டு வழக்கத்தோடும் அது பொருந்தியதில் எனக்கு நிறைவு. அட்டவணையைத் திருத்தமான கையெழுத்தில் எழுதி, கண்ணாடித் தாள் உறையில் இட்டேன்.

“டாக்டர் கிட்ட ஒரு தடவ காட்டலாமாங்க?” என்று தனம் கேட்டாள்.

கணக்கை மருத்துவரிடம் காட்டும் வழக்கம் எனக்கு இல்லை என்று சொன்னேன்.

முதல் நாள், ஆரம்பாக்கத்தில் ஏறி கும்மிடிப்பூண்டி வருவதற்குள் பெட்டி நிரம்பிவிட்டது. எல்லோரும் முதல் ஷிப்டு முடித்துத் திரும்பும் தொழிலாளர்கள். அடையாள அட்டை கழுத்தில் தொங்க, நின்றபடியே தூங்கினார்கள். பொன்னேரி தாண்டியதும் சரக்கு வண்டிக்கு வழிவிட எங்கள் வண்டி நின்றது. நாற்பது நிமிடம். இருபுறமும் நடவு முடிந்த வயல். பட்டணத்துக்கு அறுபது சொச்சம் கிலோமீட்டர் போக இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஊரிலிருந்து புறப்பட்டு பூமியின் மறுபக்கத்துக்குப் போகிறோம் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு முதன்முதலாக உறைத்தது.

பட்டணத்திலிருந்து வேறொரு விமானத்தில் போய், அன்றிரவு தில்லியில் தங்கினோம். காலை விடுதியில் உருளைக்கிழங்கு வைத்த ரொட்டியும் தயிரும் கொடுத்தார்கள். ரொட்டி நன்றாக இருந்தது. இன்னொன்று வேண்டுமா என்று பரிமாறுபவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதைச் சற்று விளக்க வேண்டும். வெளியிடத்தில் உணவைக் கேட்டு வாங்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. இலை போட்டால் உட்காருவோம், பரிமாறினால் உண்போம். என் தந்தை ஒரு கல்யாணப் பந்தியில், சோறு வராத இலையின் முன் முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்து, மோரை மட்டும் குடித்து எழுந்தார். அதை எங்கள் உறவில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். தனம் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் இந்த ஒழுங்கில் பழகியவள்.

இரண்டாம் நாள் நண்பகலில் விமானம் ஏறினோம். தனம் சன்னலோரம், நான் நடுவில். என் வலப்புறம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்து அமர்ந்தார். எங்கள் பேச்சைக் கேட்டதும் திரும்பினார்.

“நம்ம பக்கமா சார் நீங்க? நான் தேர்வாய் கண்டிகை.”

பெயர் ஸ்டெல்லா. அங்குள்ள டயர் தொழிற்சாலையில் டயர்களின் தரம் பார்க்கும் வேலை. புதிய இயந்திரம் ஒன்றைக் கற்றுவர சிகாகோவுக்கு அருகே ஓர் ஊருக்கு அனுப்புகிறார்களாம். நான் நில அளவையாளன் என்றதும், “அப்போ எங்க ஊட்டாண்ட இருக்கற கல்லு நீங்க நட்டதுதானா? அதுல தடுக்கி எங்க அண்ணன் ரெண்டு தடவ வுழுந்துக்கிறான்” என்றார். தனம் சிரித்தாள். கல் சரியான இடத்தில்தான் இருக்கும் என்று நான் சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் உணவு வந்தது. சோறு, பன்னீர்க் குழம்பு, குளிர்ந்த பருப்பு, கட்டை போன்ற ஒரு ரொட்டித் துண்டு. உண்டு முடித்ததும் ஸ்டெல்லா தம் தட்டில் மிஞ்சிய சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். எங்கள் தட்டுகளில் இருந்தவற்றையும் கேட்டு வாங்கினார். எனக்கு அது உவப்பாக இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முன்னிருக்கையின் முதுகில் இருந்த சிறு திரையில் விமானத்தின் பாதை தெரிந்தது. மீதமுள்ள தூரம் என்று பன்னிரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஓர் எண் இருந்தது. மைலாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மைலாகக் கொண்டால் என் கணக்குக்கு அருகில் வந்தது. எண்ணை அடுத்திருந்த சிறிய எழுத்துகளைப் படிக்க நான் கண்ணாடியை மாற்றவில்லை. இன்னொரு மூலையில் பதினான்கு என்று தொடங்கும் நேரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஏதோ ஒரு நாட்டின் கடிகாரம் என்று கொண்டேன்.

“சார், வடக்கால போய்க்கினே இருக்குது பாத்தீங்களா?” என்றார் ஸ்டெல்லா.

“மேகத்தைத் தவிர்க்கச் சுற்றுகிறார்கள். சற்று நேரத்தில் மேற்கே திரும்பும்.”

திரும்பவில்லை. பனி மூடிய மலைகள் கடந்தன. பிறகு முடிவே இல்லாத பச்சைக் காடு. பிறகு ஆறுகள் அவிழ்த்துப் போட்ட நூல்போலக் கிடந்த சமவெளி. விமானம் வடக்கே, இன்னும் வடக்கே சென்றது. நம் ஊரில் சூரியன் மறைந்திருக்க வேண்டிய நேரத்தில் இங்கே அது சன்னலுக்கு நேராக நின்றது.

ஏழு மணிக்குத் தனம் என் கையைத் தொட்டாள். “ஏங்க, இங்க பாருங்க. உப்பளம் மாதிரி இருக்குது.”

அவள் மேல் சாய்ந்து பார்த்தேன். கடல் உறைந்து கிடந்தது. கண்ணெட்டும் தூரம் வரை வெண்மை. அதில் நீல விரிசல்கள், ஏதோ ஒரு கை கோணல்மாணலாகக் கிழித்த கோடுகளைப்போல. காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்பளங்களில் பாத்திக்குப் பாத்தி வரப்பு உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இங்கே வரப்பு இல்லை, கல் இல்லை, எண் இல்லை, உரிமையாளர் இல்லை. அந்த வெண்மையில் எங்கே சங்கிலியின் முனையை ஊன்றி அளக்கத் தொடங்குவது என்று தேடினேன். ஓர் இடமும் தென்படவில்லை. பார்க்கப் பார்க்க என் நெஞ்சு விரிந்தது. வாழ்நாளில் ஒரு நிலத்தைப் பார்த்து நான் அளவு கேட்காமல் இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

பிறகு பணிப்பெண்கள் சன்னல் மூடிகளை இறக்கச் சொல்லி விளக்குகளை அணைத்தார்கள். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே செயற்கை இருட்டு. எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். என் கைக்கடிகாரம் எட்டரையைக் காட்டியதும் தனத்துக்கு ஊசி போட்டேன்.

ஒன்பது மணிக்கு உணவு வரவில்லை.

ஒன்பதே காலுக்கும் வரவில்லை. தட்டு வண்டியின் ஓசைக்காகக் காது கொடுத்தேன். இரண்டு முறை பணிப்பெண் எங்களைக் கடந்து சென்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அவர் தாமாகக் கேட்பார் என்று. அவர் புன்னகைத்துவிட்டுப் போனார்.

“பசிக்கிறதா?” என்று தனத்தைக் கேட்டேன்.

“இல்லீங்க. வரும்போது வரட்டும்.”

இருக்கைக்கு மேலே அழைப்பு விசை இருந்தது. அதன்மேல் வரைந்திருந்த மனித உருவம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் கை நீட்டவில்லை. ஒரு விமானம் நிறைய மனிதர்கள் தூங்கும்போது சோறு கேட்டு மணி அடிப்பவனாக என்னை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பத்து நிமிடம் பார்ப்போம் என்று நினைத்தேன். அந்தப் பத்து நிமிடம் முடிந்ததும் இன்னொரு பத்து நிமிடம் பார்ப்போம் என்று நினைத்தேன்.

ஒன்பதே முக்காலுக்குத் தனம் பேசினாள். “மீஞ்சூர் தாண்டிட்டோமாங்க?”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று எண்ணினேன். அவள் கையைப் பற்றினேன். குளிர்ந்து ஈரமாக இருந்தது. விரல்கள் தாமாக நடுங்கின. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து இரவிக்கையின் கழுத்து நனைந்திருந்தது. “எறங்கணுமே, பை எங்க?” என்றாள். அவள் கண்கள் என்னைப் பார்த்தன. ஆனால் நான் யார் என்பது அவற்றுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

என் அசைவில் ஸ்டெல்லா விழித்துக்கொண்டார். படிக்கும் விளக்கைப் போட்டார்.

“இன்னா சார், அம்மாவுக்கு இப்டி வேர்த்துக் கொட்டுது?”

“சர்க்கரை நோய். எட்டரைக்கு ஊசி போட்டேன்.”

“சாப்ட்டாங்களா?”

“ஒன்பதுக்கு உணவு வர வேண்டும்.”

“யாரு சொன்னா ஒம்போதுக்கு வரும்னு?”

“நான்தான்.”

ஸ்டெல்லா என் தலைக்கு மேலே கை நீட்டி அந்த விசையை அழுத்தினார். கைப்பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து, நான்கைந்தை ஒருசேரக் கிழித்து, தண்ணீர்க் குவளையில் கொட்டி விரலாலேயே கலக்கினார். என்னைத் தாண்டிக் குனிந்து, தனத்தின் முகவாயைப் பிடித்து, “குடிங்கம்மா. முழுங்குங்க. இன்னும் கொஞ்சம். என்னைப் பாருங்க” என்று புகட்டினார். நான் நடுவில், இரண்டு பெண்களுக்கு இடையே, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பணிப்பெண் ஓடி வந்தார். பார்த்தவுடன் புரிந்துகொண்டு ஆரஞ்சுச் சாறும், பிறகு சூடாக ரொட்டியும் கொண்டுவந்தார். அவர் இந்தியில் சொன்னதன் சாரம் இது: “கேட்டிருந்தால் எந்த நேரமும் கொடுத்திருப்போமே, ஐயா. அடுத்த உணவு இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான். அதற்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கிறதே.”

மூன்றரை மணி நேரம். நான் என் ஒழுங்கைக் காத்துக்கொண்டு அவ்வளவு நேரமும் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பேன்.

கால் மணி நேரத்தில் தனத்தின் கை சூடேறியது. சுற்றிலும் பார்த்தாள். “நான் ஏதாவது உளறினேனா?” என்று கேட்டாள். மீஞ்சூரில் இறங்கப் பார்த்ததாக ஸ்டெல்லா சொன்னதும் வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்டெல்லா தம் பையிலிருந்து ஒரு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். புளிச்சோறு. “இதுவும் கொஞ்சம் துண்ணுங்கம்மா, அப்போதான் நிக்கும். சார், நீங்களும்தான். மூஞ்சி வெளுத்துப்போச்சு.” பிறகு என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: “எங்கம்மாவுக்கும் இதே ஊசிதான் சார். தட்டு கண்ணால பாத்தப்புறம்தான் போடுவேன். ஷிப்டு மாறிக்கினே இருந்தா எங்களுக்கே எது ராத்திரி எது காலைன்னு தெரியாது. மணி பாத்துப் போட்டா ஆளு போயிடும்.”

இங்கே ஒன்றை எழுதக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ஸ்டெல்லாவின் தாயும் பாட்டனும் எங்களைப் போன்றவர்களின் வயல்களில் நாற்று நட்டவர்கள் என்று அவர் பேச்சிலேயே அறிந்திருந்தேன். அவர்கள் வீட்டில் நாங்கள் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அதையும் ஒழுங்கு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பூமியின் உச்சியில், அவர் டப்பாவிலிருந்து என் மனைவி உண்டாள். நான் உண்டேன். புளி சற்றுத் தூக்கலாக இருந்தது. நன்றாக இருந்தது.

அதன் பிறகுதான் படிக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டித் திரையைப் பார்த்தேன். எண் வெகுவாகக் குறைந்திருந்தது, ஆனால் அதை அடுத்துக் கிலோமீட்டர் என்றுதான் போட்டிருந்தது. மூலையில் இருந்தது எந்த நாட்டுக் கடிகாரமும் அல்ல. இறங்க மீதமுள்ள நேரம்.

“மொத்தமே பன்னிரண்டாயிரம்தான்” என்று வாய்விட்டுச் சொன்னேன். என் அளவையும் அளந்த முறையையும் ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் டயர் ஒன்றை வரைந்து காட்டினார்.

“வெளி வட்டத்தோட டேப்பு புடிச்சா ஜாஸ்தி வரும் சார். உள் வட்டத்தோட சுத்தி வந்தா கம்மி. ரெண்டும் அதே எடத்துலதான் போய் முடியும். நீங்க வெளி வட்டத்தப் புடிச்சிட்டீங்க.”

அவ்வளவுதான். ஒரு வயலை, ஓர் ஊரைத் தட்டையாகக் கொண்டு அளக்கலாம்; பிழை கண்ணுக்குத் தெரியாது. பூமியை அப்படி அளக்க முடியாது. உச்சிக்குப் போகப் போக அது குறுகுகிறது. சுவரில் தொங்கும் படமோ அந்த உச்சியைக் கிழக்கும் மேற்குமாக இழுத்து விரித்து வைத்திருக்கிறது. நான் அளந்தது காகிதத்தை. விமானி உருண்டையின் மேல் போனார். கல்லூரியில் இதைப் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். சன்னல் மூடியைச் சற்றே தூக்கினேன். வெளியே வெள்ளைத் தரை வளைந்து, வளைந்தே போய், வானத்தில் முடிந்தது. அந்த வளைவை அன்றுதான் கண்டேன்.

நண்பகலில் புறப்பட்ட நாங்கள் அதே நாள் மாலை நான்கே முக்கால் மணிக்குச் சிகாகோவில் இறங்கினோம். பதினைந்தே கால் மணி நேரத்தில் ஒரு முறையும் இருட்டவில்லை. வாயிலில் ஒருவர் ஸ்டெல்லாவின் பெயரெழுதிய அட்டையைப் பிடித்து நின்றார். ஸ்டெல்லா அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். “வரேன்மா. தட்டு பாத்தப்புறம் ஊசி. சார், வரேன்” என்று கிளம்பினார். நான் கை கூப்பினேன்.

காரில் உமா கேட்டாள்: “ஃப்ளைட்டு எப்பிடிம்மா இருந்துச்சு?”

“எல்லாம் அப்பா சொன்ன மாதிரியே நடந்துச்சு” என்றாள் தனம், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அன்றிரவு உமா பரிமாறிய சாம்பாரைக் குனிந்த தலையோடு உண்டேன்.

மூன்றாம் நாள் காலை, உமா வேலைக்குப் போன பின் தனத்திடம் கேட்டேன். “உடம்பு நடுங்கத் தொடங்கியது உனக்குத் தெரிந்திருக்குமே. ஏன் சொல்லவில்லை?”

அவள் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். “தெரிஞ்சுதுங்க. நீங்கதான் ஒம்போதுன்னு எழுதி வச்சிருந்தீங்களே. உங்க கணக்கு தப்பாவாது. என் ஒடம்புதான் முன்னாடியே அவசரப்படுதுன்னு நெனச்சேன்.”

துருவத்துப் பனியைப் பார்த்தபோது நான் திகைத்தது உண்மை. இந்தச் சொற்களைக் கேட்டுத் திகைத்த அளவுக்கு அங்கே திகைக்கவில்லை. நாற்பத்தொரு ஆண்டுகளாக ஒருத்தி தன் உடம்பைவிட என் கையெழுத்தை நம்பியிருக்கிறாள்.

மாலையில் உமாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் அழுதாள், என்னைத் திட்டவும் செய்தாள். திட்டட்டும் என்று இருந்தேன். பிறகு சேஷையாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே காலை, நடைமேடைச் சத்தம் கேட்டது.

“தூரம் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். பதினைந்தே கால் மணி நேரம். நான் சொன்னது தவறு. அங்கே நிற்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.”

“ஒடம்பு கிடம்பு சரியில்லையா நைனா உனக்கு?” என்றார். “வுடு, யாருக்கும் தெரியாது. நான் சொல்லமாட்டேன்.”

“சொல்லுங்கள்” என்றேன். “படத்தில் அளந்தான், பூமியில் அளக்கவில்லை என்று சொல்லுங்கள்.”

நான்காம் நாள் உமா எங்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றாள். ஏரி என்கிறார்கள், மறுகரை தெரியவில்லை. பழவேற்காட்டு ஏரியில் நின்றால் அந்தப் பக்கத்துப் பனைகளாவது தெரியும். தண்ணீரில் உப்பு இல்லை என்று உமா சொன்னாள். நம்பாமல் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இல்லைதான். இவ்வளவு நல்ல தண்ணீரை ஒரே இடத்தில் கண்டு, எங்கள் வயல்களை நினைத்து, வெகுநேரம் நின்றேன்.

“ஏங்க” என்றாள் தனம். “எனக்குப் பசிக்குது.”

காலை உணவு முடிந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும். எந்த வேளைக்கும் சேராத நேரம். வெளியிடத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த உமா எழ முயன்றாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு நானே போனேன்.

கரையோரம் தள்ளுவண்டியில் ஒருவர் வெந்த மக்காச்சோளம் விற்றார். எலுமிச்சைச் சாறு பிழிந்து, மேலே மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தார். வாங்கி வந்து தனத்திடம் நீட்டினேன். நின்றபடியே, காற்றில் முந்தானை பறக்க, முத்து முத்தாகத் தின்றாள். பாதி தின்றதும் என்னைப் பார்த்தாள்.

“இன்னொண்ணு கெடைக்குமாங்க? உங்களுக்கும் சேத்து.”

திரும்பிப் போனேன். வண்டிக்காரர் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, இன்னும் இரண்டு கேட்டேன்.